பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி

தங்கை போன் செய்தபோது நான் என் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஒரு பிரிண்டரின் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணா, எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஐகான் ஒண்ணுகூட இல்ல. திரை மொட்டையா நிக்குது. மேடம் தையத்தக்கான்னு குதிக்கிறாங்க. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணிப் பண்ணிக் கை ஓஞ்சுபோச்சு."

அவள் வேலை செய்தது ஒரு சின்ன அலுவலகம். கூட்டங்கள், விசாரணைகள், பேட்டிகள் ஆகியவற்றின் ஒலிப்பதிவுகள் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். அந்த மழைக்காலத்தில்தான் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடிக்கு அலுவலகம் மாறியிருந்தது. முன்னால் அங்கே இருந்த கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய கம்ப்யூட்டரை மூலையில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். விண்டோஸ் இல்லை; லினக்ஸ் போட்ட இயந்திரம். தங்கையின் முதலாளியம்மா அதையே துடைத்து எடுத்துப் பொது இயந்திரமாக்கிவிட்டார். எல்லாரும் தங்கள் வேலையை அதில்தான் சேமித்து வைக்க வேண்டும். "ஓசியில கிடைச்சா எங்க மேடம் பினாயிலையும் குடிப்பாங்க" என்று தங்கை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறினேன். பகல்தான், ஆனால் வெளியே மேகம் கவிந்திருந்தது. மாடி நடையில் ஒரே ஒரு குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி நாள்கணக்கில் மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. கதவைத் திறந்ததும் அது கூடியது.

நீளமான அறை. நான்கு மேஜைகள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேடம். முதல் மேஜையில் வெண்தாடி வைத்த ஒரு பெரியவர்; எல்லாருடைய பிரதியையும் பிழை திருத்துகிறவர். அடுத்து என் தங்கை. மூன்றாவது மேஜையில் யாரும் இல்லை. நான்காவதில் அந்தப் பெரிய இயந்திரம்.

"வாங்க தம்பி," என்றார் மேடம். "நாளைக்கு மூணு வேலை கொடுத்தாகணும். எல்லாம் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு."

உட்கார்ந்தேன். திரை நீலமாக, கழுவி விட்ட தரை மாதிரி இருந்தது. இப்படி ஆவது அபூர்வமில்லை. ஐகான்களைத் திரையில் காட்டுவதற்கென்றே ஒரு சின்ன நிரல் ஓடும். அது நின்றுபோனால் எல்லாம் போய்விடும். ஆனால் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை. அமைப்புகளில் ஐகான்களைக் காட்டு என்றுதான் இருந்தது. ஹார்ட் டிஸ்கிலும் இடம் தாராளமாக இருந்தது.

முழங்கை இடித்து ஏதோ சுட்டது. பக்கத்து மேஜையில் ஒரு கோப்பை. அதில் தேநீர். ஆவி பறந்துகொண்டிருந்தது. அருகே ஒரு ஹெட்போன்.

"இங்க யாரு உக்காருறது?" என்று தங்கையைக் கேட்டேன்.

"யாரும் இல்லண்ணா. வந்ததுல இருந்து காலிதான்."

"அப்ப இந்த டீ?"

கோப்பையைப் பார்த்தாள். அவள் பார்வை அதன்மேல் நிற்கவே இல்லை; எண்ணெய் தடவிய தட்டில் தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு போனது. "யாராவது வெச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. டெஸ்க்டாப்பின் கோப்புறையைத் திறந்தேன். காலி. பிறகுதான் தோன்றியது. லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தாலும் அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். அழியாது, அதே இடத்தில்தான் இருக்கும், காட்டாது, அவ்வளவுதான். கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை வெளிப்படும்.

அழுத்தினேன்.

திரை நிறைய வந்து நின்றன. மங்கலாக, சாம்பல் நிறத்தில். நான்கைந்து இருக்கும் என்று நினைத்தேன். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மனிதர்களைக் கூப்பிடும் பெயர்கள். குட்டையன். பெரியக்கா. வாத்தியார். ஊமைச்சி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு புள்ளி.

"யாரோ விளையாடியிருக்காங்க மேடம். புள்ளி வெச்சு மறைச்சிருக்காங்க."

"புள்ளி வெச்சா உயிர் போயிடும் தம்பி," என்றார் தாடிக்காரர், பிரதியிலிருந்து தலையெடுக்காமல். "ககரத்து மேல வெச்சுப் பாருங்க. அகரம் செத்து வெறும் மெய்தான் மிஞ்சும். இலக்கணம்."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

தங்கள் கோப்புறைகள் எவை என்று கேட்டேன். மேடம், தாடி, பொடிசு. பொடிசு என் தங்கை. அவள் பிறந்த அன்று நான் வைத்த பெயர், அலுவலகம் வரைக்கும் கூடவே வந்திருந்தது. மூன்றின் புள்ளியையும் எடுத்தேன். ஐகான்கள் பளிச்சென்று வந்து உட்கார்ந்தன. அவற்றோடு சேர்ந்தாற்போல் ஒன்று இருந்தது: சுருட்டை. நேற்றுத்தான் அதில் வேலை நடந்திருந்தது. இதுவும் இவர்களுடையதுதான் என்று அதன் புள்ளியையும் எடுத்தேன்.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

திரும்பினேன். சுருட்டை முடியோடு ஓர் இளைஞன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடுகள் வெளுத்திருந்தன.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. யாரும் என்னைக் கடந்து வரவும் இல்லை.

"சுருட்டை, அந்த ரெண்டாவது பேட்டி முடிஞ்சுதா?" என்று மேடம் உள்ளிருந்து கேட்டார், காலையிலிருந்து அவன் அங்கேயே இருந்த மாதிரி.

அவன் என் பக்கம் சாய்ந்தான். மூச்சில்தான் பேசினான்.

"அண்ணே, நீங்கதான் எடுத்தீங்களா?"

"எதை?"

"நான் கத்திக்கிட்டே இருந்தேன். யாரும் திரும்பல. மேடம் என் மடியில பையை வெச்சாங்க."

"எங்க இருந்தீங்க?"

"இங்கதான். இதே நாற்காலி. இருட்டுல்லாம் இல்ல. எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும். டீ கொண்டாந்து வெப்பாங்க, வெச்சது அவங்களுக்கே தெரியாது." அவன் கண்கள் அறையின் பின்சுவருக்குப் போய்விட்டு வந்தன. "அங்க நிறைய பேர் இருக்காங்கண்ணே. சுவரோரமா நிக்கிறாங்க. ஒருத்தரும் பேசுறதில்ல. ஏன்னா அது நடமாடிட்டே இருக்கு."

"எது?"

"ஈர வாடை அடிக்கும். அப்ப அசையக்கூ..."

திரையில் ஏதோ நகர்ந்தது. பார்த்தேன். சுருட்டை என்ற பெயரின் முன்னால், யாரும் தொடாமல், ஒரு புள்ளி விழுந்தது. ஐகான் சாம்பல் பூத்தது.

நாற்காலி காலியாக இருந்தது.

கோப்பையில் தேநீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"மேடம், சுருட்டை..." என்று எழுந்தேன்.

"யாரு?"

"இப்பதான நீங்க பேசுனீங்க! ரெண்டாவது பேட்டின்னு கேட்டீங்களே!"

மேடம் வெளியே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். கைப்பையை அந்தக் காலி நாற்காலியில் வைத்தார். "தம்பிக்கு உடம்பு முடியலையா?"

மறுபடி உட்கார்ந்து புள்ளியை எடுக்கப் பார்த்தேன். அனுமதி இல்லை என்றது இயந்திரம். எதையும் திறக்க உரிமையுள்ள தலைமைப் பயனருக்கான கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அனுமதி இல்லை. இந்தக் கோப்புறை யாருடையது என்று பார்த்தேன். உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் இருந்தது. மற்ற மூன்றிலும் அவரவர் பெயர்தான் இருந்தது; புள்ளி விழுந்தும் அவர்கள் மறையாததற்கு அதுதான் காரணமோ என்னவோ. ஒரு பயனரை இயந்திரத்திலிருந்து நீக்கிவிட்டால் அவர் விட்டுப்போன கோப்புகளில் இப்படித்தான் எண் மட்டும் மிஞ்சும். பெயர் அழிந்துவிட்டது, ஆனால் சொத்து அவருடையதுதான். யார் இருந்தார், யார் நீக்கினார் என்பதற்கு எங்கும் தடயம் இல்லை. இணையக் கம்பியைப் பிடுங்கினேன். விசைப்பலகையையும் பிடுங்கினேன். தானாக ஓடும் நிரல் எதுவும் இல்லை.

ஈர வாடை வந்தது.

தாடி என்ற பெயரைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. யாரோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டம் விலகியது. மேடம் என்ற பெயரில் விழுந்தது. விலகியது. சந்தையில் காய் பொறுக்குகிறவர்கள் அழுத்திப் பார்ப்பதுபோல் இருந்தது.

பொடிசு என்ற பெயரில் விழுந்தது.

நிலைத்தது.

நான் யோசிக்கவில்லை. சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தேன். திரை கறுத்தது. மேடம் அலறினார்.

திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு என் தங்கை வாயைப் பிளந்து நின்றாள்.

"அண்ணா, என்ன பண்ற நீ?"

"பையை எடு. வீட்டுக்குப் போறோம்."

"வேலை போயிடும்ணா!"

"போகட்டும்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். வழி முழுக்கத் திட்டினாள். வேலை போனால் நீதான் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும், பண்டிகைக்குப் புதுச்செருப்பும் வேண்டும், மேடத்திடம் நீயே மன்னிப்புக் கேள் என்று. அவள் திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. அவள் விரல்கள் என் கைக்குள் சூடாக இருந்தன.

பேருந்தில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கோபம் தீராமல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு மூச்சுவிட்டாள். கண்ணாடி பனித்தது. என்ன நடந்தது என்று மெதுவாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. மேடம்.

"தம்பி, கோவத்துல ஏதோ பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. மறுபடி போட்டேன், எல்லாம் வந்துடுச்சு! எங்க ரெண்டு பேரு வேலையும் அப்படியே இருக்கு."

"ரெண்டு பேரா?"

"நானும் தாடிக்காரரும்தானே. வேற யாரு இங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

இருக்கை காலி.

கண்ணாடியில், நெற்றி உயரத்தில், ஒரு பனித்திட்டு. அது மங்கியது. மறுபடி பனித்தது. வேகமாக, வேகமாக.

பருத்த ஆள் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி குனிந்தார். "ஆள் இருக்கா?"

"இருக்கு," என்றேன்.

"எங்க?"

"இருக்கு, உக்காராதீங்க!" என்று கத்தினேன். பேருந்து முழுக்கத் திரும்பியது. அவர் முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். நான் அந்த இருக்கையின் மேல் கையை அகல விரித்து வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் வெறும் ரெக்சின்தான் தட்டுப்பட்டது.

போனில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, பொடிசு..."

"எந்தப் பொடிசுடா?"

"உன் பொண்ணும்மா."

அம்மா சிரித்தார். மனசு நிறைந்த, சந்தேகமே இல்லாத சிரிப்பு. "பொண்ணா? உன்னைப் பெத்ததுக்கே போதும்டா சாமின்னு ஆயிடுச்சு. சாப்பிட வர்றியா இல்லையா?"

"பின்னாலயே வா" என்று காலி இருக்கையிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அலுவலகத்துக்கு ஓடினேன். மேடம் என்னைப் பார்த்து முகம் சுளித்தாலும் தடுக்கவில்லை. மறைந்ததைக் காட்டச் சொன்னேன். சாம்பல் வரிசையின் கடைசியில் அவள் பெயர் இருந்தது. உரிமையாளர் இடத்தில் அதே எண். புள்ளியை எடுக்க அனுமதி இல்லை. நகலெடுத்தால், எடுத்த நகலுக்கும் கண்ணெதிரே புள்ளி விழுந்தது.

பிறகு நான் செய்யாதது இல்லை. இந்தத் தொழிலில் என்னைவிடத் தேர்ந்த நண்பன் ஒருவனைக் கூட்டிவந்தேன். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இங்க ரெண்டே ரெண்டு போல்டர்தானடா இருக்கு?" என்றான். அவனை விட்டே கண்ட்ரோலையும் ஹெச்சையும் அழுத்த வைத்தேன். அப்போதும் அவனுக்கு இரண்டுதான். எனக்கு நூற்றுக்கு மேல் தெரிந்தது. முதல் தடவை அந்த விசைகளை அழுத்தியவன் நான் என்பதாலா, தெரியவில்லை. அவளை மறக்காதவனும் நான் ஒருவன்தான். ஹார்ட் டிஸ்கை உடைத்துவிடலாமா என்று ஒருநாள் சுத்தியல்கூட வாங்கினேன். உடைத்தால் அவள் வெளியே வருவாளா, இல்லை அவளும் சேர்ந்து உடைவாளா? யாரிடம் போய்க் கேட்பேன்? சுத்தியலை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

இப்போது நான் அங்கேதான் வேலை செய்கிறேன். கடையை மூடிவிட்டு, பாதிச் சம்பளத்துக்குத் தட்டச்சு செய்கிறேன் என்றதும் மேடம் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். தங்கையின் மேஜையை யாருக்கும் தராமல் நான் அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டேன். என் பெயரில் கோப்புறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அம்மா நன்றாக இருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. மதியம் தரையில் படுத்தால் சுவரோரம் ஓர் ஆள் படுக்கும் இடத்தை விட்டுத்தான் படுக்கிறார். "நல்லா தள்ளிப் படும்மா," என்றால், "இல்லடா, இப்படித்தான் தூக்கம் வருது," என்கிறார். தூக்கத்தில் அந்த வெற்றிடத்தைத் தட்டிக்கொடுக்கிறது அவர் கை. ஏன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நான் அழுவதைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்றார். அதன்பின் சொல்வதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். ஒலிப்பதிவை ஓடவிடவும் நிறுத்தவும் தட்டச்சு செய்கிறவர்களின் காலடியில் ஒரு மிதி இருக்கும். தங்கையின் மேஜைக்கு அடியில் அது தானாக அமுங்கியது. டக். விட்டது. டக். ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தேன். ஒரு பழைய பேட்டி ஓடியது, நின்றது, ஓடியது. அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். வேறு என்ன செய்வாள்? நாள் முழுக்க அங்கே வேறு என்ன இருக்கிறது?

மேஜைக்கு அடியில் புகுந்து மிதியின் மேல் என் கையை வைத்தேன்.

என் புறங்கையில் ஒரு பாதம் படிந்தது.

சின்னப் பாதம். செருப்பில்லாத பாதம். சூடு இல்லை, ஆனால் எடை இருந்தது. தெரிந்த எடை. நடை பழகும்போது என் காலின்மேல் ஏறி நின்றுகொண்டு வீடு முழுக்க வந்தவள். கட்டைவிரலால் என் கையை இரண்டு தடவை அழுத்தினாள்.

மேஜைக்கு அடியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். "பென்சில் தேடுறேன் மேடம்," என்று சொன்னேன்.

அதிலிருந்து தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்விடுவேன். மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். பாதம் வந்து படியும். அம்மா என்ன சமைத்தார், வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எல்லாம் சொல்வேன். அவள் அழுத்துவாள். ஈர வாடை அடித்தால் உடனே பாதத்தை எடுத்துக்கொள்வாள். நானும் மூச்சுவிடாமல் இருப்பேன். வாடை எங்களைக் கடந்து போகும். மறுபடி பாதம் வரும். இவ்வளவுதான் இனி வாழ்க்கை என்றால் இதுவே இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை வெயில் நன்றாக இருந்தது. பக்கத்துச் சுவரில் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியே அறைக்குள் விழுந்திருந்தது. கீழே உட்கார்ந்து கையை நீட்டினேன்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

"பொடிசு," என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

வாடை வந்தது. வழக்கம்போலக் கடந்து போகவில்லை. மேஜைக்கு அடியிலேயே நின்றது.

பாதம் படிந்தது.

அகலமான பாதம். ஈரமாக இருந்தது. என் கை முழுவதையும் மூடி, மணிக்கட்டையும் தாண்டி நீண்டது. மிதி அமுங்கியது. மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து பதிவு மெலிதாக ஓடத் தொடங்கியது. அது பேட்டி அல்ல. என் குரல். அம்மா என்ன சமைத்தார், எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல் என் கையை இரண்டு தடவை அழுத்தியது.